சுவருக்கு வெளியே இரண்டடி

கெல்ஸ்டோவில் எதைத் தொடங்கினாலும் “ஆண்டவரும் ஜானும்” என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளும்போது, மாட்டின் மடியில் கை வைக்கும்போது, ஆற்றில் படகை விடும்போது. மடத்துத் தோட்டத்தில் ஆப்பிள் திருடச் சுவர் ஏறுகிறவன்கூட ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டதும் இதைத்தான் முணுமுணுப்பான். மடம், ஆற்றில் நின்று ஞானஸ்நானம் கொடுத்த புனித ஜானுக்குரியது. பெரிய வாசலுக்கு மேலே அவர் கல்லாக நின்று, ஒரு சிப்பியிலிருந்து கல்லாலான தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். ஊரில் நிலம் மடத்துடையது, மாவரைக்கும் ஆலை மடத்துடையது, நேரம் சொல்லும் மணியும் மடத்துடையது. எங்கள் வாயும் கொஞ்சம் மடத்துடையதாக இருந்ததில் வியப்பில்லை.

பார்னலின் வாழ்க்கை அந்தச் சொற்களில்தான் முறிந்தது.

அவள் ஊரின் மருத்துவச்சி. நல்ல உயரம், அகன்ற தோள், ஆனால் கைகள் மட்டும் பத்து வயதுப் பெண்ணின் கைகள். அந்தக் கைகளுக்காகவே ஆண்டவர் தன்னை இந்த வேலையில் விட்டார் என்பாள். கூரை வேய்கிற கணவன் கல்யாணமான மூன்றாம் வருடமே மடத்துக் களஞ்சியத்தின் மேலிருந்து விழுந்து செத்தான். சொந்தப் பிள்ளை கிடையாது. என் அம்மாவின் முதல் இரண்டு பிள்ளைகளை அவள்தான் எடுத்தாள். மூன்றாவதான என்னை எடுக்க அவளுக்கு அனுமதி இல்லை.

வலியில் கிடக்கிற பெண்களை அவள் கொஞ்சமாட்டாள், திட்டுவாள். “கத்துடி, நல்லா கத்து. மடத்துல சாமிங்க பூசையில தூங்கி வழியிறாங்களாம், எழுப்பி விடு.” வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற கணவன்மாரையும் விடமாட்டாள். “நீ ஏன்யா நடந்து நடந்து தரையைத் தேய்க்கிற? உன் வேலை ஒம்பது மாசத்துக்கு முந்தியே முடிஞ்சுபோச்சு. போய் விறகு கொண்டா.”

மருத்துவச்சிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால், சாமியாரைக் கூப்பிட நேரமில்லாவிட்டால், அவளே அதன் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீர் எந்தத் தண்ணீராகவும் இருக்கலாம். சொற்கள்தான் மாறக் கூடாது. சொல் மாறினால் தண்ணீர் வெறும் தண்ணீர். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை. ஊருக்கு இருந்தது ஒரே கல்லறைத் தோட்டம், அதுவும் மடத்துக்குள்தான். அதன் வடக்குச் சுவருக்கு வெளியே, தொட்டால் எரிகிற காஞ்சொறி மண்டிய ஒரு துண்டு நிலம் கிடந்தது. தூக்கில் தொங்கியவர்களும் தானே ஆற்றில் விழுந்தவர்களும் பெயரில்லாத பிள்ளைகளும் அங்கே.

அதனால் ஒவ்வொரு தவக்காலத்தின் முதல் ஞாயிறும், கல்லறைத் தோட்டத்துக்குப் பொறுப்பான சாமி, கடைசிச் சில வருடங்களில் ஆஸ்மண்ட் சாமி, மருத்துவச்சிகளை நிற்க வைத்துச் சொல்லச் சொல்வார். பார்னல் பத்தொன்பது வருடம் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: “பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் தருகிறேன்.”

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இப்படியே சொல்லுவியா, பார்னல்?”

“தூக்கத்துல எழுப்பித்தானே சாமி எங்களைக் கூப்பிடுறாங்க? பட்டப்பகல்ல எந்தப் பிள்ளை பிறக்குது?”

எம்மட்டின் பிள்ளை பட்டப்பகலில் பிறந்தது.

எம்மட், தோல் பதனிடுகிற ஹியூவின் மனைவி. பார்னலைவிடப் பதினாறு பதினேழு வயது இளையவள். ஆனாலும் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்போலத் திரிந்தார்கள். எம்மட்டுக்கு அதற்குமுன் மூன்று தடவை உண்டாகி, மூன்றும் மாதம் நிறையாமலே கலைந்தன. மூன்றையும் துணியில் சுற்றி எடுத்துப் போனவள் பார்னல். நாலாவது தங்கியது. நிறைமாதம் ஆனது. மெழுகுவர்த்தித் திருநாளுக்கு மறுநாள் காலை, ஊர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் வலி வந்தது.

பிள்ளை கால் பக்கமாக வந்தது. தலை வெளியே வர வெகுநேரம் பிடித்தது. ஆண். நீலமாக இருந்தது. ஒரு மூச்சு விட்டது. பார்னல் அதை மடியில் கிடத்தி, பக்கத்தில் கழுவுவதற்காக வைத்திருந்த வெந்நீர்க் குடத்திலிருந்து கை நிறைய அள்ளித் தலையில் விட்டாள். வாய் தானாகப் பேசியது. இரண்டாவது மூச்சு. மூன்றாவது. அவ்வளவுதான்.

“அக்கா, ஊத்துனியா?” என்று கேட்டாள் எம்மட், கண்ணைத் திறக்காமல்.

“ஊத்துனேன்.”

“சொன்னியா?”

“சொன்னேன்டி.”

“அப்போ சரி,” என்றாள் எம்மட். கண்ணோரத்தில் நீர் வழிந்தாலும் அவள் முகம் இளகியது. “அப்போ அவன் போற இடத்துக்குப் போயிட்டான்.” பிறகு தூங்கிவிட்டாள்.

மறுநாள் ஹியூ தன் கையாலேயே ஒரு சின்னப் பெட்டி செய்தான். வெட்டியான் டிக்கன் கல்லறைத் தோட்டத்துக்குள் யூ மரத்தடியில், நல்ல இடமாகப் பார்த்து, முழங்கை நீளத்துக்குக் குழி தோண்டி வைத்திருந்தான். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்பதால் எம்மட் வரவில்லை. பெட்டியைப் பார்னல் சுமந்தாள். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆஸ்மண்ட் சாமி நின்றார். கேட்க வேண்டியதைக் கேட்டார். ஆலையில் மூட்டை யாருடையது என்று கேட்பதுபோல, பழக்கத்தில்.

“யார் ஞானஸ்நானம் குடுத்தது?”

“நான்தான் சாமி.”

“என்ன சொன்ன?”

பார்னல் தவக்கால ஞாயிறுகளில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று, அதே குரலில் சொன்னாள். “ஆண்டவரும் புனித ஜானும் இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கட்டும்னு…”

சொல்லி முடிக்கும்போதுதான் அது அவள் காதில் விழுந்தது.

ரொட்டிக்குச் சொல்கிற சொல். மாட்டு மடிக்குச் சொல்கிற சொல். ஊரே ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல். அவசரத்தில் வாய் எங்கே போகப் பழகியிருந்ததோ அங்கே போயிருக்கிறது.

டிக்கன்தான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “காத்து இந்த அடி அடிக்குது சாமி. எனக்கே ஒண்ணும் காதுல விழல. அவ ஒழுங்காத்தான் சொல்லியிருப்பா. பத்தொம்பது வருஷமா சொல்றவ,” என்றான்.

ஆஸ்மண்ட் சாமி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இல்லை. “சரியா கேக்கல,” என்றார். “இன்னொரு தடவை சொல்லு, பார்னல்.”

அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. ஹியூ பார்னலின் வாயையே பார்த்தான். அவள் உதடுகள் ‘பிதா’ என்பதற்காகச் சேர்ந்தன. சேர்ந்தபடியே நின்றன. குரல் வரவில்லை. பெட்டி அவள் கையில் இருந்தது.

சாமி வெகுநேரம் காத்திருந்தார். மடத்து மணி அடித்தது. “டிக்கன்,” என்றார் கடைசியில், “அந்தக் குழியை மூடிடு.”

வடக்குச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். டிக்கன் காஞ்சொறியை அரிவாளால் அறுத்துவிட்டு, சுவரை ஒட்டினாற்போல் தோண்டினான். “இதுக்கு மேல ஒட்ட முடியாது ஹியூ, அஸ்திவாரக் கல் தட்டுது. ரெண்டே அடி. அந்தப் பக்கத்து மந்திரிச்ச மண்ணு மழையில கரைஞ்சா இவன் மேலதான் விழும்.” அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அது. பார்னல் மூலைக்கல்லிலிருந்து எட்டு வைத்து எண்ணினாள். நாற்பத்தொரு எட்டு. சுவரிலிருந்து இரண்டடி.

நாலாம் நாள் முட்டையும் பாலும் காய்ச்சி எடுத்துக்கொண்டு எம்மட்டைப் பார்க்கப் போனாள். எம்மட் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“வாய் தவறினதை நான் ஒண்ணும் சொல்லலக்கா,” என்றாள். “என் வாயா இருந்தாலும் அதேதான் வந்திருக்கும். இந்த ஊரு வாயி. ஆனா சாமி ரெண்டாந்தடவை கேட்டாராமே?”

“கேட்டார்.”

“ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொல்ல உனக்கு வாய் வரலையா? சந்தையில பழைய முட்டையை இன்னைக்கு இட்டதுன்னு விக்கிறவதானே நீ?”

பார்னல் பால் பாத்திரத்தைக் கட்டிலருகே வைத்தாள்.

“அதை எடுத்துட்டுப் போ. நீ தொட்டது எதுவும் எனக்கு வேணாம்.”

அதன்பின் இருபத்தாறு வருடம் எம்மட் அவளோடு பேசவில்லை.

மடாதிபதியிடமிருந்து உத்தரவு வந்தது. பார்னல் இனிப் பிரசவம் பார்க்கக் கூடாது. மறு தவக்காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேறொருத்தி வந்து நின்று சொற்களைச் சொன்னாள். பார்னல் கம்பளி சிக்கெடுத்துப் பிழைத்தாள். அந்தச் சிறிய கைகள் கம்பளியின் கொழுப்பேறி மினுங்கின. தெருவில் கர்ப்பிணி யாராவது எதிரே வந்தால் அவள் கண் தானாக வயிற்றின் இறக்கத்தை அளக்கும். உடனே தலையைக் குனிந்துகொள்வாள். என் அம்மா என்னைச் சுமந்து திரிந்தபோது, “தலை திரும்பிருச்சு, பயப்படாத” என்று ஒரு தடவை பார்னல் அவள் காதோடு சொல்லிவிட்டு நிற்காமல் போனாளாம்.

எம்மட்டுக்குப் பிறகு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து பிழைத்தார்கள். ஆனால் ஹியூவின் தோல் குழிகளில் மட்டும் யாரும் “ஆண்டவரும் ஜானும்” சொல்வதில்லை. புதிதாக வேலைக்கு வந்தவன் தெரியாமல் சொன்னால் ஹியூ அவனை முறைத்துப் பார்ப்பான். எம்மட் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தின் வடக்கு ஓரத்துக்குப் போய், சுவரின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். எந்த இடம் என்று யாரையும் கேட்டதில்லை. சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் போனதும் இல்லை. போனால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல.

வெளிப்பக்கம் போனவள் பார்னல். மூலைக்கல், நாற்பத்தொரு எட்டு, இரண்டடி. காஞ்சொறியை வெறுங்கையால் பிடுங்குவாள். சில ஞாயிறுகளில் இருவரும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பதினாலாம் வருடம் ஆறு பெருகி வடக்குச் சுவரில் இருபதடி சரிந்தது. சரிந்தது அந்த இடத்தில்தான். அன்று மாலையே பார்னல் ஆஸ்மண்ட் சாமியைத் தேடிப் போனாள். அவருக்கு அதற்குள் நரைத்திருந்தது.

“சாமி, சுவரு விழுந்துருச்சு.”

“பார்த்தேன். எனக்கு இன்னும் கண்ணு தெரியுது.”

“திரும்பக் கட்டுவீங்கல்ல?”

“ஏன், கல்லு தூக்க வர்றியா?”

“வர்றேன் சாமி, கூலி வேணாம். கட்டும்போது ஒரு நாலடி வெளியே தள்ளிக் கட்டிருங்க. அந்த இருபதடிக்கு மட்டும்.”

அவர் அவளைப் பார்த்தார். “சுவரு நகர்ந்தா மண்ணு மாறிடுமா? ஆயர் வந்து மந்திரிக்கணும். கீழே என்ன இருக்குன்னு கேப்பாரு. தெரிஞ்சா வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிருவாரு.”

“மந்திரிக்க வேணாம். சுவரு மட்டும் போதும்.”

“நேரா போற சுவரு நடுவுல வயிறு தள்ளி நின்னா நாலு பேரு என்னன்னு கேப்பாங்களே?”

“கொத்தன் குடிச்சிருந்தான்னு சொல்லுங்க. நம்பாத ஆளு இந்த ஊர்ல யாரு இருக்கா?”

சாமி சிரித்துவிட்டார். சிரிப்பு சீக்கிரம் நின்றது. “பார்னல், அன்னைக்கு ரெண்டாந்தடவை கேட்டேனே. எதுக்குக் கேட்டேன்னு உனக்கு விளங்கலையா?”

“விளங்குச்சு சாமி.”

“அப்புறம்?”

“பிள்ளை கையில இருந்துச்சு. கேட்டுக்கிட்டு இருந்துச்சு.”

இரண்டு வாரத்தில் சுவர் எழுந்தது. பழைய இடத்திலேயே, நூல் பிடித்தாற்போல நேராக.

அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து ராஜாவின் ஆட்கள் வந்தார்கள். ராஜா நாட்டிலிருந்த மடங்களையெல்லாம் தனக்கு எடுத்துக்கொள்கிறார் என்றார்கள். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆற்றை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்வதுபோல இருந்தது. ஆனால் எடுத்துக்கொண்டார்கள். துறவிகள் ஆளுக்கொரு மூட்டையோடு வாசலைத் தாண்டினார்கள். ஆஸ்மண்ட் சாமி தன் தங்கை வீட்டுக்கு நடந்தே போகிற வழியில் பார்னலின் வீட்டு வாசலில் நின்றார். “சுவரு இப்போ யார் பொறுப்பும் இல்ல, பார்னல்,” என்றார். அவள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார். அவரை அதன்பின் நாங்கள் பார்க்கவில்லை.

கூரையிலிருந்து ஈயத்தை உரித்து உருக்கினார்கள். மணிகளை இறக்கினார்கள். வாசலின் மேலிருந்த ஜானைக் கயிறு கட்டி இழுத்தபோது தலை ஒரு பக்கமும் சிப்பி பிடித்த கை ஒரு பக்கமும் போயின. பிறகு கல்லுக்கு ஏலம். ஊரே வண்டி பூட்டியது. வாய் பழைய பழக்கத்தில், கல்லைப் பெயர்க்கக் கடப்பாரையைப் போடும்போதும் “ஆண்டவரும் ஜானும்” என்றது. உயரத்தில் ஏற வேண்டாம், வண்டி பக்கத்திலேயே நிற்கும் என்பதால் முதலில் போனது கல்லறைத் தோட்டத்துச் சுவர்தான். பன்றிக் கொட்டில்களுக்கும் மாட்டுக் கொட்டில்களுக்கும் அது போனது. நானும் எங்கள் வீட்டுக் கணப்படுப்புக்கு ஒரு வண்டி கல் வாங்கியிருந்தேன்.

நான் ஏற்றிக்கொண்டிருந்த அன்று காலை, மழை விட்டிருந்தது. பார்னல் வந்தாள். எழுபதைத் தாண்டியிருந்தாள், கையில் கோல். சுவர் இருந்த பக்கம் வந்து நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவர் போகட்டும் என்றுதான் அவள் இத்தனை வருடம் வேண்டியிருப்பாள். போன பிறகு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கமாட்டாள். அஸ்திவாரம்வரை தோண்டி எடுத்துவிட்டோம். சேற்றில் வண்டித் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. இந்தப் பக்கத்துப் புல்லும் அந்தப் பக்கத்துக் காஞ்சொறியும் ஒன்றாக மிதிபட்டுக் கிடந்தன.

“தம்பி,” என்றாள் என்னிடம், “மூலைக்கல்லு ஒண்ணு இருந்துச்சே, பெருசா. எங்க நின்னுச்சு?”

மூலைக்கல் என் வண்டியின் அடியில் கிடந்தது. அது எங்கே நின்றது என்று நான் பார்த்து வைக்கவில்லை. “தெரியலம்மா,” என்றேன்.

அவள் ஒரு இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள். இருபதில் நின்று, திரும்பி, வேறு இடத்திலிருந்து தொடங்கினாள். மூன்றாவது தடவை எண்ணிக்கொண்டிருந்தபோது எம்மட் வந்தாள். ஹியூ போன குளிர்காலத்தில் இறந்திருந்தான். டிக்கன் இறந்து பத்து வருடம். அந்த இடம் தெரிந்த ஆள் இப்போது ஊரில் ஒருத்திதான்.

எம்மட் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு பேசினாள். முதலில் அவள் பேசியது காற்றிடம் என்றுதான் நினைத்தேன்.

“இருபத்தாறு வருஷமா எண்ணிக்கிட்டுத்தானே இருந்த?”

பார்னல் திரும்பினாள். “சுவரை வச்சுத்தான்டி எண்ணினேன்.”

“சுவரு போயிருச்சே.”

“போயிருச்சு.”

இருவருக்கும் நடுவில் யாருடைய பசுவோ ஒன்று மேய்ந்துகொண்டே வந்து, கடந்து போனது.

“எங்கக்கா இருக்கான்?” என்றாள் எம்மட்.

‘அக்கா’ என்ற சொல் கேட்டதும் பார்னலின் முகம் கோணியது. அவள் சேற்றைப் பார்த்தாள், தடங்களைப் பார்த்தாள். பிறகு கோலை ஊன்றி, மெதுவாக, ஆனால் எண்ணாமல் நடந்தாள். வடக்குப் பக்கம் இல்லை, உள்ளே. யூ மரத்தை யாரும் இன்னும் வெட்டவில்லை. அதன் அடியில், டிக்கன் முதலில் தோண்டி மூடிய இடத்தில், போய் நின்றாள்.

“இங்க.”

எம்மட் மரத்தைப் பார்த்தாள். சுவர் எவ்வளவு தூரத்தில் நின்றது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆயிரம் ஞாயிறு அதில் கை வைத்து நின்றவள். அவள் பார்னலின் அருகில் வந்து, முகத்துக்கு நேராக நின்றாள்.

“சரியா கேக்கலக்கா,” என்றாள். “இன்னொரு தடவை சொல்லு.”

பார்னலின் உதடுகள் சேர்ந்தன. நான் கையில் ஒரு கல்லைப் பிடித்தபடி நின்றிருந்தேன். அதை இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

“இங்கதான்டி,” என்றாள் பார்னல். “மரத்தடியில. உள்ளே.”

எம்மட் தலையாட்டினாள். பிறகு ஈரத்தைப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்தாள், சுவரில் வைப்பதுபோல.

பார்னல் உட்காரவில்லை. கோலைப் பிடித்துக்கொண்டு, காஞ்சொறி கிடந்த பக்கமே பார்த்து நின்றாள்.